கத்தரி போகாத இடம்

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஒரு பக்கம் முடிவதற்குள் காலைப் பொழுது போய்விடும். எனக்கு அவசரம் இல்லை. உங்களுக்கு அவசரம் என்றால் மடித்து வைத்துவிட்டு அப்புறம் படியுங்கள்.

ஓசூரில் நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் என்னைத் தேடி வந்து, என்ன பிலிம் போட்டீர்கள், என்ன மருந்தில் கழுவினீர்கள் என்று கேட்கிறீர்கள். அதையெல்லாம் உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரு நாள் காலையில் கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் நடந்தது. ஐம்பதுகளில் நடந்தது; வருஷம் சரியாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஓசூரில் ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் ஆயா வேலை பார்த்தேன். அந்த அம்மாவுக்குப் படம் எடுக்கும் பைத்தியம். அவர் பின்னால் கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து நடந்து நானும் கற்றுக்கொண்டேன். லென்ஸைச் சுற்றிப் போட்டிருந்த எண்கள்தான் நான் முதலில் படித்த எழுத்து. சீமைக்குத் திரும்பும்போது அவர் அந்தக் கேமராவை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை, என்னிடம் கொடுத்தார்.

கைக்கு அடக்கமான ஜெர்மன் கேமரா. அதில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. அதில் பார்த்தால் எதிரே இருக்கும் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு உருவமும் நகர்ந்து வந்து ஒன்றன்மேல் ஒன்று சேரும். எந்த முகத்தில் சேர்க்கிறோமோ அந்த முகம் தெளிவாக விழும். இன்னொன்றும் உண்டு. ஜன்னல் காட்டுவதும் பிலிமில் விழுவதும் அச்சாக ஒன்றல்ல. ஜன்னலில் தெரியாத கொஞ்சம் இடம் ஓரத்தில் சேர்ந்து விழுந்துவிடும். இது எடுக்கிறவருக்குத் தெரியும், நிற்கிறவருக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் இளவயதிலேயே போய்விட்டார். அதற்குப் பிறகு கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவரோடு சேர்ந்து வேலை செய்தேன். நான் எடுப்பேன்; அவர் கழுவி, அச்சுப் போட்டுத் தருவார். கல்யாண வீட்டுக்கு அவர் போவார். தாலி அறுத்தவள் கல்யாணத்தில் முன்னால் நிற்கக் கூடாது, அதனால் சாவு வீடெல்லாம் என் பங்குக்கு வந்தது. அதற்காக நான் அழுதுகொண்டு உட்காரவில்லை. ராயக்கோட்டை முதல் ஆனேக்கல் வரை சாவுப் படத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்தக் கையைப் போல நடுங்காத கை அப்போது இந்தப் பக்கம் இல்லை.

சாவுப் படம் என்றால் உங்களில் சிலருக்குத் தெரியாது. இறந்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, மாலை போட்டு, குடும்பமே சுற்றி நின்று எடுத்துக்கொள்ளும் படம். பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாளில் அந்த ஒரு படம்தான். அதில் மனைவிக்கு ஒரு தனி இடம் உண்டு. தலை நிறையப் பூவும், நெற்றி நிறையக் குங்குமமும், கை நிறைய வளையலுமாக அவரைப் பக்கத்தில் நிறுத்துவார்கள். பிணம் தெருவைத் தாண்டியதும் அதெல்லாம் போய்விடும். அதனால் அது இறந்தவருக்கு மட்டுமல்ல, அந்த அம்மாவுக்கும் கடைசிப் படம்.

அன்று விடிந்ததும் ஆள் வந்தான், வண்டி கட்டிப் போனோம். பண்ணைக்காரர் முந்தின நாள் பொழுது சாயும்போதே போய்விட்டாராம். வாசலில் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, நாற்காலியில் அவரை உட்காரவைத்திருந்தார்கள். மேகம் மூடிய நாள். வெளிச்சம் குறைவு. பந்தலுக்குக் கீழே இன்னும் குறைவு. ஒன்று, இரண்டு என்று மனத்தில் எண்ணும் நேரம் எல்லாரும் அசையாமல் நின்றால்தான் படம் விழும். சாவு வீட்டில் அப்படி நிற்பவர் இறந்தவர் ஒருவர்தான். அதனால் அந்தக் காலத்துச் சாவுப் படங்களில் உயிரோடு இருப்பவர்கள் கொஞ்சம் கலங்கியிருப்பார்கள். போனவர்தான் தெளிவாக இருப்பார்.

பந்தலில் உட்கார்ந்திருந்த ஒரு பங்காளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொம்பளயா வந்துருக்கற? ஸ்டுடியோக்காரரு எங்க?"

"அவரு சூளகிரியில கல்யாணத்துக்குப் போயிருக்காருங்க. நாந்தான் எடுப்பேன்."

"எடுக்கத் தெரியுமா, இல்ல பொட்டியத் தூக்கிட்டு வந்தியா?"

பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "சும்மா இரு மாமா. உக்காந்திருக்கறவரே ஒன்னும் சொல்லல. உனக்கு என்னா வந்துது?"

இரண்டு பேர் துண்டை வாயில் வைத்துச் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரிப்பு இல்லை என்று யார் சொன்னது.

மூத்த மகன் வந்தார். நாற்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மாட்டுக் கொட்டகைப் பக்கம் கண்ணைக் காட்டினார். அங்கே வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் நான்கு வயதுப் பெண் குழந்தை.

"அந்தக் கன்னடக்காரி படத்துல வரக் கூடாது. அவ புள்ளயும் வரக் கூடாது. ஒரு முந்தானை தெரிஞ்சாலும் படத்த நான் வாங்க மாட்டேன். புரியுதா?"

"புரியுதுங்க," என்றேன்.

அவர் போனதும் அந்தப் பெண் எழுந்து நேரே என்னிடம் வந்தாள். பேர் கெம்பம்மா. ஆனேக்கல் பக்கத்து ஊர். சேதி கேட்டு இருட்டிலேயே குழந்தையை இடுப்பில் வைத்து நடந்தே வந்திருக்கிறாள். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசினாள். ஒந்து என்றால் ஒன்று, பேடா என்றால் வேண்டாம்.

"அக்கா, ஒந்தே ஒந்து படம். நான் அவரு பக்கத்துல நிக்கணும்."

"நீ அவருக்கு யாரு?"

கழுத்திலிருந்த தாலியை வெளியே எடுத்துக் காட்டினாள். "எங்கூரு கோயில்ல கட்டினாரு. எங்கூரே பாத்துது. இங்க யாரும் பாக்கல, அவ்ளதான். நாளைக்கு இந்தப் பாப்பாவ உங்கப்பன் யாருன்னு எவனாச்சும் கேப்பான். நான் எதக் காட்டறது? சொத்து பேடா அக்கா, ஒன்னும் பேடா. படம் மட்டும்."

எனக்கு மனசு இளகிவிட்டது. ஓரத்தில் சேர்ந்து விழும் அந்தக் கொஞ்சம் இடம் எனக்கு ஞாபகம் வந்தது. பந்தலின் வலது கால் ஜன்னலுக்கு வெளியே நிற்கும். பிலிமுக்கு உள்ளே நிற்கும். அங்கே இவள் குழந்தையோடு நின்றால், மூத்த மகன் என் தோள்மேல் சாய்ந்து ஜன்னலில் பார்த்தால்கூடத் தெரியாது. படத்தில் இருப்பாள். மூத்த மகனுக்கு அந்த ஓரத்தை விட்டு அச்சுப் போட்டுத் தரலாம், இவளுக்கு முழுசாக.

"அந்தக் கால் ஓரமா போய் நில்லு. நான் தலைய ஆட்டினா அசையாத," என்றேன்.

அவள் நகர்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு கிழவி வந்து, "பெரியம்மா உன்ன உள்ள வரச் சொல்றாங்க," என்றாள். பெரியம்மா என்றால் இறந்தவரின் மனைவி, மூத்த மகனின் தாய்.

உள்ளே அவருக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களை வெளியே போகச் சொன்னார். அழுது முடித்த முகம். குரல் மட்டும் திடமாக இருந்தது.

"அவகிட்ட என்னா பேசிட்டிருந்த? ஜன்னல்ல பாத்தேன்."

மறைக்க எனக்குப் பிடிக்கவில்லை. "படத்துல நிக்கணும்னு கேட்டாங்க," என்றேன்.

"நிக்க வெப்பியா?"

"உங்க பையன் வேண்டாம்னாருங்க."

"அவன உடு. நீ என்னா நெனச்ச?"

"பாவம்னு நெனச்சேன்."

அவர் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டார். "நான் அவள ஒதுக்கறேன்னு நெனச்சிட்டிருக்க. ஒதுக்கத்தான் செய்யறேன். ஊருக்கு எல்லாம் தெரியும். தெரியறது வேற. பூ வெச்சு, பொட்டு வெச்சு, இன்னிக்கு அவரு பக்கத்துல பொண்டாட்டின்னு அவ படத்துல நின்னாள்னு வெய்யி. மத்தியானம் என்னை உக்கார வெக்கற இடத்துல அவளயும் உக்கார வெப்பாங்க. என் நாத்தனாருங்க உடுவாங்களா? கைய நீட்டுடின்னுவாங்க. எனக்கு அறுவது வயசு, போவுது. அவளுக்கு என்னா வயசு?"

நான் கேமராவை மறு கைக்கு மாற்றினேன்.

"உன் கையப் பாரு," என்றார். "உனக்கு நான் சொல்லணுமா?"

என் மணிக்கட்டை நான் பார்த்தேன். அந்தப் பெண் நான் வளையல் உடைத்த வயதில் இருந்தாள். ஓரம், ஜன்னல், பிலிம் என்று எல்லாக் கணக்கும் போட்ட எனக்கு இது தோன்றவே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தில், ஒருத்தியைப் படத்துக்குள் கொண்டுவருவதை மட்டும் யோசித்தேன். படம் எடுத்த பிறகு அவள் எங்கே உட்காரவைக்கப்படுவாள் என்று யோசிக்கவில்லை. பிள்ளைகளே, பரிதாபம் வந்தவுடனே கேமராவைத் தூக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

"புள்ள நிக்கட்டும்," என்றார் பெரியம்மா. "புள்ளைக்கு அறுக்க ஒன்னும் இல்ல. அவ ஊருக்குப் போவட்டும். வளையலோட போவட்டும்."

நான் வெளியே வந்து கெம்பம்மாவிடம் சொன்னேன். அவளுக்குத் தெரியாமல் அவளை நிறுத்துவதும் தப்பு, அவளைக் கேட்காமல் விலக்குவதும் தப்பு. அவள் கோபப்பட்டாள்.

"அவங்க யாரு எனக்குச் சொல்றதுக்கு? என் வளையல், நான் உடைச்சிக்கறேன்."

"உடைச்சிக்கலாம். நீ நிக்கறேன்னா நான் நிறுத்தறேன். உன் இஷ்டம்."

அவள் பந்தல் காலைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்ப அக்கா?"

"உன் வயசுல."

"அப்புறம்?"

"அப்புறம் இதுதான்," என்று கேமராவைக் காட்டினேன். "எனக்கு ஒரு வெள்ளைக்காரம்மா இருந்தாங்க. எல்லாருக்கும் இருக்கமாட்டாங்க."

அவள் வைக்கோலில் ஒட்டியிருந்த புடவையைத் தட்டிக்கொண்டாள். ரொம்ப நேரம் தட்டினாள். பிறகு குழந்தையின் முகத்தை முந்தானையால் துடைத்து என் பக்கம் நகர்த்தினாள். "மகு நிக்கட்டும்," என்றாள். மகு என்றால் அவர்கள் பேச்சில் குழந்தை.

குழந்தையை எங்கே நிறுத்துவது? இப்போதுதான் என் தொழில் புத்தி வேலை செய்தது. சாவுப் படம் வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சண்டை வந்தால் கத்தரி வரும். ஓரத்தில் நின்ற மருமகன் போவான், பின்வரிசைத் தம்பி போவான். வெட்டிய படங்களை ஒட்டித் தரச் சொல்லி ஸ்டுடியோவுக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். ஓரத்தில் நிறுத்தினால் இந்தக் குழந்தை ஒரு மாதம் தாங்காது. அதனால் ஓரத்தில் நின்ற பேரப்பிள்ளைகளோடு நிறுத்தவில்லை. நாற்காலிக்கு முன்னால், அப்பாவின் முழங்காலை ஒட்டி, நடுவில் நிறுத்தினேன். பெரியம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் கேட்காமலே தன் வலது கையை நீட்டிக் குழந்தையின் தோளில் வைத்தார். முழங்கை வரை கண்ணாடி வளையல்.

மூத்த மகன் பாய்ந்து வந்தார். "இந்தக் குட்டி எதுக்கு இங்க நிக்குது? யாரு நிறுத்தினது?"

"நாந்தான்," என்றார் பெரியம்மா.

"அம்மா, ஊரே பாத்துட்டிருக்குது."

"பாக்கட்டும். அவரு மூக்கு இது மூஞ்சில இருக்குது, அத என்னா பண்ணுவ? போயி உன் எடத்துல நில்லு. துண்ட ஒழுங்கா போடு."

முன்பு என்னைக் கேலி செய்த பங்காளி மெதுவாகச் சொன்னார்: "மூக்கு மட்டுமா. காதும் அதேதான்." யாரும் சிரிக்கவில்லை. மூத்த மகன் போய்த் தன் இடத்தில் நின்றார்.

குழந்தை அழ ஆரம்பித்தது. சுற்றிலும் தெரியாத முகம், பின்னால் அசையாத அப்பா. இது இப்படி உதறினால் ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் படத்தில் முகம் கரைந்துபோகும். கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய உரலின்மேல் கேமராவை ஊன்றிக் குந்தியிருந்தேன். கெம்பம்மாவைக் கூப்பிட்டேன்.

"இங்க வா. என் தோள ஒட்டி உக்காரு. அதப் பாரு, பேசாத."

அவள் வந்து உட்கார்ந்தாள். குழந்தை அம்மாவைக் கண்டுகொண்டது. அழுகை நின்றது. கண் அங்கேயே நின்றது.

சாவுப் படத்தில் லென்ஸ் வளையத்தை இறந்தவர் முகத்துக்குத்தான் திருப்ப வேண்டும். எனக்குச் சொல்லித் தந்ததும் அதுதான், அன்றுவரை நான் செய்ததும் அதுதான். அன்று ஜன்னலில் இரண்டாகத் தெரிந்த குழந்தையின் முகத்தை நகர்த்தி ஒன்றாக்கினேன். கண்ணிமையில் தண்ணீர் நின்றது தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை அழுத்தினேன். பந்தலில் ஒரு சத்தம் இல்லை. அந்தக் கேமராவின் சத்தமும் ஒரு விரல் சொடுக்கு அளவுதான்.

பிணம் கிளம்புவதற்கு முன்னாலேயே கெம்பம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வயல் வரப்பில் இறங்கிவிட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து மூத்த மகன் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஸ்டுடியோக்காரர் படத்தை மேசைமேல் வைத்தார். குழந்தை அவ்வளவு தெளிவு. தலைமுடி ஒவ்வொன்றாக எண்ணலாம். இறந்தவர் தெளிவு. மூத்த மகன் அந்த நேரத்தில் என் தோளருகே உட்கார்ந்திருந்த கெம்பம்மாவை முறைக்கத் தலையைத் திருப்பியிருக்கிறார். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகை மாதிரி ஒன்று இருந்தது.

"என் மூஞ்சி எங்க?" என்றார்.

"நீங்க அசைஞ்சிட்டீங்க," என்றேன்.

"எங்கப்பன் படத்துல எனக்கு மூஞ்சி இல்ல, அந்தக் குட்டி மட்டும் நிக்குது. வெட்டி எடுத்துடு அத."

எனக்கு வாயில் பதில் வந்தது. ஸ்டுடியோக்காரர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அவர் அதிகம் பேசாத மனிதர். மேசை இழுப்பறையைத் திறந்து நீளக் கத்தரியை எடுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"தாராளமா வெட்டலாங்க. எங்க வெட்டறதுன்னு நீங்களே காட்டுங்க."

அவர் கத்தரியைக் கையில் எடுத்தார். வலது பக்கமாக வைத்துப் பார்த்தார். அங்கே அப்பாவின் முழங்கால். இடது பக்கம் வைத்தார். குழந்தையின் தோளில் அவர் அம்மாவின் கை. கத்தரி அந்தக் கைமேல் நின்றது. அம்மாவின் கை வளையலோடு இருக்கும் படம் உலகத்தில் அது ஒன்றுதான். அன்று காலை வீட்டில் அவருக்குச் சோறு போட்ட அந்தக் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

அவர் கத்தரியை, சத்தம் வராமல், மேசைமேல் வைத்தார்.

"சுத்திக் குடுங்க," என்றார். அவ்வளவுதான். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன் முகம் இல்லாத படத்தைத் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டிவைத்த மனிதர் அவர். அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

பெரியம்மா சொல்லி அனுப்பியபடி இன்னொரு பிரிண்ட் போட்டு வைத்திருந்தோம். சந்தை நாளில் கெம்பம்மா வந்தாள். கையில் வளையல் இருந்தது, நெற்றியில் பொட்டு இருந்தது. குழந்தையைக் கூட்டிவரவில்லை. படத்தை ஸ்டுடியோ வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனாள். அவரை முதலில் பார்த்தாள். அப்புறம் குழந்தையைப் பார்த்தாள். படத்தில் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள், குழந்தை மட்டும் கொஞ்சம் பக்கவாட்டில் எதையோ பார்க்கிறது.

"எதப் பாக்குது அக்கா இது?"

"உன்னத்தான். நீ என் தோள் பக்கத்துல இருந்த இல்ல?"

"அப்ப நான் எங்க? இதுல எந்தப் பக்கம்?"

அந்தக் காலத்தில் பிரிண்டை ஒரு கெட்டி அட்டையில் ஒட்டி, மிச்ச அட்டையைச் சுற்றி வெட்டிவிட்டுத்தான் கொடுப்போம். அந்தப் படத்தை ஒட்டியிருந்தோம், இன்னும் வெட்டியிருக்கவில்லை. குழந்தையின் கண் போகும் வழியில் என் விரலை நகர்த்திக்கொண்டே போனேன். படம் முடிந்து, வெறும் அட்டையில் ஒரு இடத்தில் வைத்தேன்.

"இங்க."

நான் விரலை எடுத்ததும் அவள் தன் விரலை அங்கே வைத்தாள். உள்ளேயிருந்து ஸ்டுடியோக்காரர் அட்டையை வெட்டுவதற்காகக் கையை நீட்டினார்.

"இந்தப் பக்கம் வெட்டாதீங்க அண்ணா," என்றாள் கெம்பம்மா.